கட்டைவிரல் பதிப்பு

பல் கட்டுவது என் தொழில்.
கோரிப்பாளையத்தில், மருந்துக்கடை மாடியில்,
முகம் பார்க்காத வாய்களுக்குப்
பல் வரிசை செய்து அனுப்புகிறேன்.
மஞ்சளில் பதினாறு மஞ்சள் தெரிந்தவன் என்று
யாரோ சொல்லித்தான்
மரியசூசை அந்தப் பதினேழாம் எண்ணைக் கொண்டுவந்தார்.

விலை ஒன்றேகால் ரூபாய் என்றிருந்தது அட்டையில்.
மேல் வலது மூலையை எலி தின்றிருந்தது.
துப்பாக்கி பிடித்த உளவாளிக்கு
மறு கை மணிக்கட்டோடு நின்றது.

அதே வருஷத்துப் பள்ளி அட்லஸ் ஒன்றில்
வெற்றுத்தாள் கிழித்தேன்.
மைதாப் பசை, பூச்சிக்கு ஒரு சிட்டிகை மயில்துத்தம்.
விளிம்பை நனைத்து, நார் நாராய்ப் பிரித்து,
நாருக்குள் நாரைச் செருகினேன்.
பார்த்து வரைய வேறு பிரதி இல்லை.
இடக்கையை விளக்கடியில் வைத்து
என் கட்டைவிரலையே வரைந்தேன்,
அரம் பட்டுப் பிளந்த நகம் உட்பட.

ஒட்டுப்போட்டது என்று சொல்லி வில்லுங்கள் என்றேன்.
சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.
முந்நூறு ரூபாயை எண்ணிக்கொண்டே சொன்னேனா,
எண்ணி முடிக்கும்வரை சொல்லாமல் இருந்தேனா,
அதுதான் இப்போது தெளிவில்லை.

பதினோரு வருஷம்.
மாதம் இரண்டாம் ஞாயிறு சிம்மக்கல் டீக்கடை மாடியில்
நாற்பது பேர் கூடுகிறோம்.
பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது நான்.
என் சீட்டு ஒட்டிய உறையை
யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

அங்கேதான் ஒருநாள் அந்தப் பேச்சு வந்தது.
மற்றப் பிரதிகளில் எல்லாம்
உளவாளி கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறானாம்,
விரலே தெரியாதாம்.
ஒரே ஒரு பிரதியில் மட்டும் கட்டைவிரல்!
முதல் நூறு அடித்ததும் பிளேட்டை மாற்றினார்கள் என்றார் ஒருவர்.
ஓவியர் கோபித்துக்கொண்டு போனார் என்றார் இன்னொருவர்.
பெயரும் வைத்துவிட்டார்கள்.
நான் கையிலிருந்த உளுந்துவடையின் ஓட்டையையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று தவசிலிங்கம் வந்தார்,
உசிலம்பட்டி ரூட்டுக் கண்டக்டர்.
சங்கத்தில் கடன் போட்டு முப்பத்திரண்டாயிரம்.
எச்சில் தொட்டுச் சீட்டுக் கிழிக்கிற விரலை
சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு
மடியிலிருந்து எடுத்து வைத்தார்.
"எட்டரை வருமாண்ணே?"

கள்ளநோட்டுப் பார்க்கிற நீல விளக்கை அடித்தேன்.
விளக்கு ஒன்றும் சொல்லவில்லை.
லென்ஸும் சொல்லவில்லை.
அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன், பாவி.
கட்டின பல்லை ஊர் நம்பிவிடும்;
நாக்குதான்
போய்ப் போய் அங்கேயே தொடும்.

எதுவும் பேசாமல்
என் இடக்கையை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.
படத்தைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார்.
திரும்பவும் படத்தை.
ஏ.வி. பாலத்து இறக்கத்தில்
ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது.

"அப்ப கயிறுதானா?"
"கயிறுதான்."

எழுதினேன்:
மூலை ஒட்டியது. நிறம் சேர்த்தது.
விரல் என்னுடையது. மார்க் மூன்று.
பிறகு, சில்லறை இல்லாதபோது அவர் செய்கிற மாதிரி
சீட்டைத் திருப்பினேன்.
மீதி என்று எழுதி,
தொகை தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.

பேனா நகர்கிறதா என்று கொஞ்சநேரம் பார்த்தார்.
சீட்டை உருவி, மடித்து,
காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
"இறங்கும்போது வாங்கிக்கிறேன்" என்றார்.

எந்த ஸ்டாப் என்று
அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.